பிட்பதற்கு ஓர் அப்பம்

இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துக் கோவிலில் அப்பம் பகிரும் நற்கருணைக்கு உரிய புளிப்பில்லாத அப்பத்தை வீட்டிலேயே சுடலாம் என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அப்பத்துக்கே. பாளையங்கோட்டையில் எங்கள் சபைக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. அடுப்படியில் அறிந்ததைச் சொல்கிறேன். திருச்சபை ஒழுங்கைப் பொறுத்தவரை உங்கள் குருவானவர் சொல்வதே முடிவு.

எங்கள் கிராமத்துச் சபையில் நகரத்திலிருந்து வாங்கிவரும் மெல்லிய வட்ட அப்பமான வேஃபரையே நற்கருணைக்கு வைக்கிறோம். வரும் பெரிய வியாழனுக்கு வீட்டில் சுட்ட அப்பத்தை வைக்கலாம் என்று சேகர குரு சொல்லி, பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். சின்ன ஓவன் ஒன்று இருக்கிறது. செய்முறை சொல்வீர்களா?
– வாசகி ஒருவர், சாத்தான்குளம்

மிகவும் மகிழ்ச்சி. முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அப்பம் திருமேஜையில் எல்லாரும் பார்க்கப் பிட்கப்படவேண்டியது. மாவின் பதம், கனம், சூடு எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். சவ்வு போல இழுபட்டாலும் தவறு, தொட்டவுடன் நொறுங்கித் தூளாகச் சிந்தினாலும் தவறு.

கோதுமை மாவு 250 கிராம் எடுத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, வாசனை இல்லாத எண்ணெய் 2 மேசைக்கரண்டி. எண்ணெயை முதலில் மாவில் விட்டு, விரல் நுனியால் பிசிறுங்கள். மாவு முழுவதும் ஈர மணல் பதத்துக்கு வந்தபிறகுதான் தண்ணீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய் முன்னதாக மாவில் படிந்துவிட்டால், தண்ணீர் பட்டதும் கோதுமையின் பசைச்சத்து (குளூட்டன்) நீளமாக இழை விடாது. அதனால்தான் அப்பம் கையில் இழுபடாமல் பிட்டு வரும்.

வெதுவெதுப்பான தண்ணீர் 110 முதல் 130 மில்லி வரை பிடிக்கும். மில்லில் அரைத்த மாவு கூடுதலாகக் குடிக்கும். சிறிது சிறிதாக விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். நான்கு நிமிடம் பிசைந்தால் போதும். ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு இரண்டு உருண்டையாக்கி, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலத்துக்கு வரும். முள்கரண்டியால் நெருக்கமாக, அடி வரை குத்துங்கள். பூரிக்கட்டையின் ஓரத்தையோ முனை மழுங்கிய கத்தியையோ வைத்துச் சிலுவை போல இரண்டு கோடு அழுத்திவிடுங்கள். குருவானவர் பிட்கும்போது அந்தக் கோட்டில் நேராகப் பிளக்கும்.

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள். 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்து, நடுப்பகுதி வெளிறியே இருக்கும்போது எடுத்துவிடவேண்டும். நடுவும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஆறியபின் பிஸ்கட் ஆகிவிடும். கம்பித்தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிவிடுங்கள். உள்ளே நிற்கும் ஆவி மேல்தோலை மென்மையாக்கும். இரண்டு அப்பமும் சேர்ந்து நூறு பேருக்குப் போதும்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான இரும்புக் கல்லில் சுடலாம். மாவை இன்னும் மெல்லிதாகத் தேய்த்து, தணலைக் குறைத்து மூடி போட்டு, பக்கத்துக்கு நான்கு ஐந்து நிமிடம். ஆனால் தினமும் தோசை வார்க்கும் கல் வேண்டாம். வெங்காய வாடை எத்தனை தேய்த்தாலும் போகாது, சூடேறியதும் அப்பத்தில் ஏறிவிடும்.

மாவை முந்தின இரவே பிசைந்து வைத்துவிட்டு, காலையில் சுடலாமா? ஞாயிறு காலையில் நேரமே இருப்பதில்லை.
– வாசகர், நாசரேத்

வேண்டாம். ஈஸ்ட் போடவில்லை என்பதால் மட்டும் மாவு புளிக்காமல் இருந்துவிடாது. உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்தால் யாரும் எதையும் சேர்க்காமலே பொங்கி வருவதை நம் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். நனைந்த கோதுமை மாவும் அப்படியே, நம் ஊர் வெப்பத்தில் ஓர் இரவு அதற்குத் தாராளம். யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகைக்கு அப்பம் சுடும்போது, மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் சபைகளில் அப்படி ஒரு கணக்கு இல்லை. ஆனாலும் எகிப்தைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் மாவு புளிக்கும் மட்டும் காத்திருக்க முடியாமல் சுட்ட அப்பம் அது என்று யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்த அவசரத்தை நாமும் கொஞ்சம் மதிக்கலாமே. சனிக்கிழமை மாலை பிசைந்து அப்போதே சுட்டு, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மறுநாள் காலை வரை நன்றாகவே இருக்கும்.

நான் சுட்ட அப்பம் நடுவில் பூரி போல உப்பிவிட்டது. இன்னொரு முறை கல் மாதிரி ஆகி, முதியவர்கள் மெல்லத் தவித்தார்கள். எங்கே பிழை?
– வாசகி, திருச்சி

உப்பியதற்குக் காரணம் நீராவி. குத்தியது போதவில்லை, அல்லது ஆழமாகக் குத்தவில்லை. முள்கரண்டி பலகையைத் தொடவேண்டும். கல்லானதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்: கூடுதலாகப் பிசைந்தது, எண்ணெய் குறைந்தது, அடுப்பில் அதிக நேரம் விட்டது. மைதாவில் செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மைதா என்றால் பசைச்சத்து இறுகி, ஆறியதும் தோல் போல விறைக்கும். முழுக்கோதுமை மாவுக்கு மாறிப் பாருங்கள். முதியவர்கள் அதிகம் உள்ள சபை என்றால், தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கி ஊற்றிப் பிசையுங்கள். அப்பம் மிருதுவாக வரும். அவர்களுக்குத் துண்டையும் சிறிதாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் தேனும் பாலும் சேர்த்தால் பிள்ளைகள் விரும்புவார்கள் அல்லவா?
– வாசகி, கோயம்புத்தூர்

தேன் சேர்த்துச் சுடும் சபைகள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். உபாகமம் 16-ஆம் அதிகாரம் இதைச் சிறுமையின் அப்பம் என்கிறது. நல்ல கோதுமையை மெல்ல மெல்ல நாவில் தானாக ஊறும் இனிப்பு ஒன்று உண்டு. பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளட்டும். அவர்களை ஈர்க்க வேறு வழி இருக்கிறது. சனிக்கிழமை மாலை அவர்களையே அழைத்து, முள்கரண்டியைக் கையில் கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள். மறுநாள் திருமேஜையில் அந்த அப்பம் உயர்த்தப்படும்போது அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பங்கிலும் இப்படிச் சுட்டுக் கொடுக்க ஆசை. கொடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

மேலே சொன்ன செய்முறையில் கொடுக்க முடியாது. உங்கள் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதிப்படி அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும், கெட்டுப்போக இடமில்லாதபடி அண்மையில் செய்ததாகவும் இருக்கவேண்டும். இலத்தீன் வழிபாட்டு முறையில் அது புளிப்பற்றதாக இருக்கவேண்டும் என்கிறது 926-ஆம் விதி. பழம், சர்க்கரை, தேன் எதுவும் கூடாது என்று 2004-இல் வந்த வத்திக்கான் அறிவுரை தெளிவாகச் சொல்கிறது. எண்ணெயையும் உப்பையும் விட்டுவிடவேண்டும் என்று பொருள். மாவும் தண்ணீரும் மட்டுமே. செய்யத் தெரிந்தவர்கள், அதற்குரிய நேர்மை உள்ளவர்கள் செய்யவேண்டும் என்றும் அதே அறிவுரை கேட்கிறது. கன்னியர் மடங்களில் மாவைத் தண்ணீராகக் கரைத்து, சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே வார்த்துச் சுடுவார்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் முதலில் பேசுங்கள். அவர் வழியாக மடத்துச் சகோதரிகளிடம் போய்க் கற்றுக்கொள்வதே நல்லது.

என் மருமகள் கேரளத்து ஆர்த்தடாக்ஸ் குடும்பம். அவர்கள் புளித்த அப்பத்தையே வைக்கிறார்களாம். அப்படியானால் யார் செய்வது சரி?
– வாசகர், நாகர்கோவில்

ஆயிரம் வருட வழக்கு இது. 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டினோபிளும் பிரிந்தபோது, அப்பம் புளித்ததா புளிக்காததா என்பது பெரிய சண்டைகளில் ஒன்றாக இருந்தது. இயேசு பஸ்கா விருந்தில் அப்பத்தை எடுத்தார், பஸ்காவில் புளித்த மாவு வீட்டிலேயே இருக்கக்கூடாது, ஆகவே புளிப்பில்லாததே சரி என்பது மேற்கத்தியர் வாதம். கிழக்குச் சபைகளுக்கோ பொங்கி எழுந்த அப்பமே உயிர்த்தெழுந்தவரின் அடையாளம். கிழக்கிலும் ஆர்மீனியச் சபை புளிப்பில்லாததையே வைக்கிறது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் வழக்கமாக உண்ணும் அப்பமே போதும், ஆனால் கிடைப்பதில் மிக நல்ல, தூய கோதுமை அப்பமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. எனக்கு அந்த வரி பிடிக்கும். மருமகளிடம் வழக்காடாதீர்கள். அவர்கள் வீட்டில் எப்படிச் சுடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். அரிசி மாவில் சுடலாமா?
– வாசகி, சென்னை

கத்தோலிக்கத் திருச்சபையில் முடியாது. பசைச்சத்து முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று 2017-இல் வத்திக்கான் மறுபடியும் எழுதியிருக்கிறது. மற்றச் சபைகளில் குருவானவர் முடிவு செய்வார். அரிசி மாவு தனியாகச் சேராது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பிசைந்தால்தான் தேய்க்க வரும். கோதுமையின் பசைச்சத்தைக் குடல் தாங்காத சீலியாக் நோய் என்றால் ஒரு துகள் கோதுமையும் கெடுதல் செய்யும். தனிச் சல்லடை, தனிப் பலகை, தனித் தட்டு வேண்டும். அப்பம் பகிர்பவர் முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கோதுமை அப்பத்தைத் தொடட்டும். அவரை ஓரமாக நிற்கவைக்காமல், வரிசையிலேயே முன்னால் வரச் சொல்லுங்கள்.

மிச்சமான அப்பத்தை என்ன செய்வது?
– கோவில்பிள்ளை ஒருவர், திருநெல்வேலி

ஐயா, ஜெபித்து அர்ப்பணித்ததும் மேஜைக்கே வராததும் ஒன்றல்ல. முதலாவதைக் கோவிலுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது, ஆசீர்வாதம் முடிந்தவுடன் குருவானவரும் அவர் அழைக்கும் நற்கருணைக்காரரும் பயபக்தியோடு உண்டு முடிக்கவேண்டும் என்பது நம் பழைய ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கு. துணியில் உதிர்ந்த துகளையும் தட்டில் சேர்த்துவிடுங்கள். மேஜைக்கு வராத அப்பத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு மீந்தது என்று ஒரு நோட்டில் குறித்து, சுடுகிற பெண்களிடம் சொல்லுங்கள். அடுத்த மாதம் மாவு அளக்க அவர்களுக்கு அது உதவும்.