அமெரிக்கக் கல்லூரி வீரர்களை வளைக்கும் ஏஜெண்டுகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருக்கிறதா? அது போதுமா?

சட்டம் இருக்கிறது. போதாது.

அலபாமாவில் மேல்படிப்பு படித்தபோது அமெரிக்க ஃபுட்பால் அணிப் பையன்களுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தேன். 2022ல் ஒருநாள் சாயங்காலம், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திறக்காமல் போனை நீட்டினான். ஒரு ஏஜெண்ட் அனுப்பிய பதினோரு பக்க ஒப்பந்தம். "இந்த இருபது சதவீதத்தை எதிலிருந்து பிடிப்பார்கள்?" என்று கேட்டான். அவன் பெயரை வைத்து வரும் எல்லா வருமானத்திலிருந்தும் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. கல்லூரி முடிந்த பிறகும் அது தொடரும் என்று ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. அன்று ராத்திரிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பல மாநிலங்களும் ஒரே மாதிரி பின்பற்றுவதற்காக 2000ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றன. அலபாமாவும் அதில் உண்டு. அதன்படி ஏஜெண்ட் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தடித்த பெரிய எழுத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும்: மாணவனாக ஆடும் தகுதி பறிபோகலாம், 72 மணி நேரத்துக்குள் கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவருக்குச் சொல்ல வேண்டும், 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அவன் போனில் கடைசிப் பக்கம் வரை தள்ளித் தேடினேன். அப்படி ஒரு வரிகூட இல்லை.

அந்த எச்சரிக்கை முதலில் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். தகுதியைப் பற்றி. காசைப் பற்றி அல்ல. என் வருத்தமே அதுதான். இந்தச் சட்டங்கள் கல்லூரியின் நஷ்டத்தை மனதில் வைத்துப் பிறந்தவை.

எண்பதுகளில் நார்பி வால்டர்ஸ், லாயிட் புளூம் என்ற இரண்டு ஏஜெண்டுகள் 58 கல்லூரி வீரர்களிடம் ரகசியமாகக் கையெழுத்து வாங்கினார்கள். ரொக்கம், கார் என்று ஆசை காட்டித்தான். சிகாகோவில் வழக்கு நடந்தபோது ஏமாற்றப்பட்டவர்களாக அரசுத் தரப்பு காட்டியது பல்கலைக்கழகங்களை: ஏஜெண்டிடம் கையெழுத்துப் போட்டதால் ஆடும் தகுதியிழந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து ஏமாந்தார்களாம். 1989ல் தண்டனை கிடைத்தது. அது 1990ல் மேல்முறையீட்டில் ரத்தானது; பிறகு வால்டர்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்த தண்டனையும் 1993ல் ரத்தானது. 2000ஆம் ஆண்டுச் சட்டமும் ஏஜெண்ட் மீது நஷ்டஈடு கேட்கும் உரிமையைக் கல்லூரிக்குத்தான் கொடுத்தது. மாணவனுக்கும் அந்த உரிமையைச் சேர்த்தது 2015 திருத்தம். அதையும் எல்லா மாநிலமும் ஏற்கவில்லை. 2004ல் வந்த மத்திய அரசுச் சட்டம் பொய் வாக்குறுதியையும் பரிசு கொடுத்து இழுப்பதையும் தடுக்கிறது. கமிஷன் எவ்வளவு என்று அது கேட்பதில்லை.

2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம், அதற்கு ஏஜெண்டும் வைத்துக்கொள்ளலாம். தகுதி போகும் பயம் அந்த அளவில் நீங்கிவிட்டது. இப்போது பயமெல்லாம் ஒப்பந்தத்துக்குள்தான். ஃப்ளோரிடாப் பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022ல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். அதற்கு ஈடாக, என்எஃப்எல் (தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் லீக்) வருமானத்தில் வரி பிடிப்பதற்கு முந்தைய 15 சதவீதம், 25 வருடத்துக்கு. அடுத்த வருடமே வழக்குப் போட்டார். பதிவு செய்யாமல் ஏஜெண்ட் வேலை பார்த்தார்கள் என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று.

என்எஃப்எல்லில் ஆடுபவரின் சம்பள ஒப்பந்தத்துக்கு ஏஜெண்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க வீரர்கள் சங்கம் விடாது. கல்லூரிப் பையனுக்கு அப்படியொரு சங்கம் இல்லை. அதனால்தான் கமிஷனுக்கு உச்சவரம்பும், படிப்பு முடிந்ததும் ஒப்பந்தம் தானாக முடிவதும் நாடு முழுக்கச் சட்டமாக வேண்டும் என்கிறேன்.

நம் ஊரிலிருந்து மாணவர் விசாவில் போய் ஆடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: விளம்பர வருமானம் விசா விதியையே மீறியதாகிவிடலாம். ஏஜெண்டிடம் பேசுவதற்கு முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பையனை ஒரு வாரம் அவகாசம் கேட்கச் சொன்னேன். என் எதிரிலேயே மெசேஜ் போட்டான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ராத்திரி தாண்டினால் இந்த வாய்ப்பு கிடையாது. அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.