பழைய பிக்கப்புக்குக் குறைந்த செலவில் கிளட்ச் மாற்றுவது எப்படி? புதுப்பேட்டையில் பழைய செட் வாங்கிப் போடலாமா?

கேள்வி கேட்டவரிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது இஞ்சின் சுற்றினாலும் வண்டி இழுக்கவில்லை, பத்தாயிரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய செட் வாங்கிப் போட்டால் என்ன என்கிறார். புதுப்பேட்டைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் மேற்கு மாம்பலத்தில் தண்ணீர் கேன் போடுகிறவன். வண்டி 2009 மாடல் டாடா ஏஸ், நம்ம ஊர்க் குட்டி யானை. கிளட்ச் இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பதால், அதைத் தொட இதுவரை மூன்று முறை பாக்ஸை இறக்கியாகிவிட்டது. அதில் ஒரு முறை தேவையே இல்லாமல், என் கஞ்சத்தனத்தால். உங்கள் வண்டி பொலேரோவோ தோஸ்த்தோ எதுவானாலும் உள்ளே இருக்கும் சாமான் இதே வகைதான். பெடலில் இருந்து, கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க் வரைக்கும் போவது கேபிளா ஆயிலா என்பதுதான் வண்டிக்கு வண்டி மாறும்.

முதலில், கிளட்ச் நிஜமாகவே போய்விட்டதா? இதைப் பார்க்காமல் பாக்ஸை இறக்கியவர்கள் எனக்கே இரண்டு பேரைத் தெரியும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் லேசாகப் போக வேண்டும், அப்புறம்தான் இறுக்கம் தெரிய வேண்டும். இதை ஃப்ரீ ப்ளே என்பார்கள். இஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல், அதன் மேல் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதன் விரல்களைத் தள்ளிப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் பின்னால் தள்ளி வந்து ரிலீஸ் பேரிங்கைத் தொட ஆரம்பிக்கும், ஃப்ரீ ப்ளே குறைந்துகொண்டே போகும். கேபிள் வண்டியில் அவ்வப்போது இதைச் சரி செய்யாவிட்டால், நீங்கள் காலே வைக்காதபோதும் கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தாலும் ஸ்லிப் ஆகும். ஒரு நட்டைத் திருப்பினால் தீர்கிற விஷயத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் செலவழிப்பானேன்?

ஃப்ரீ ப்ளே சரியாக இருந்தும் ஸ்லிப் ஆகிறதா என்று பார்க்க, இஞ்சின் சூடான பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் ஆள் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து டாப் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் உடனே அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்தது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டின் உரசும் பரப்பான லைனிங்கில் இருக்கிற கொஞ்சமும் கருகும். எனக்கு இந்த சோதனைகூடத் தேவைப்படவில்லை. துரைசாமி சுரங்கப்பாதையில் இறங்கி மேலே ஏறும்போது இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் ஐம்பது கேன், அதற்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. கருகின வாடை பஸ் டிரைவர் வரைக்கும் போயிருக்கும். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கியரே விழவில்லை, கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் அது வேறு நோய். கேபிள் இழுபட்டிருக்கலாம், ஆயில் வண்டியானால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ ஃபோர்க் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ ஒழுகலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாபர்கான்பேட்டை மெக்கானிக் ஒருவர் பாக்ஸைத் தொடாமலே, கிளட்சை மிதித்தபடி கியரில் ஸ்டார்ட் செய்து இரண்டு உலுக்கு உலுக்கி விடுவித்துக் கொடுத்தார். வாங்கியது 200 ரூபாய். அன்றிலிருந்து அவரிடம்தான் போகிறேன்.

சரி, பிளேட் முடிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

2017 இல் முதல் தடவை பாக்ஸ் இறக்கியபோது கையில் காசு இல்லை. மெக்கானிக் செட்டாகப் போடச் சொன்னார். பிளேட் மட்டும்தானே தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் பழையதே. 1,500 ரூபாய் மிச்சம். ஆறு மாதத்தில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் ஊய் என்று ஒரு சத்தம், பேரிங் காய்ந்து போயிருந்தது. மறுபடி பாக்ஸை இறக்க வேண்டியதாயிற்று. கூலி 1,200. வண்டி நின்ற இரண்டு நாளும் கேன் போட வேறு வண்டிக்கு வாடகை, நாளைக்கு 1,500. 350 ரூபாய் பேரிங்குக்காக 4,200 ரூபாய் தனியாகப் போனது. திறந்து பார்த்தால் பிரஷர் பிளேட்டின் விரல்களும் பேரிங் படும் இடத்தில் பள்ளமாகியிருந்தன, அதையும் மாற்ற வேண்டி வந்தது. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கணக்கு இவ்வளவுதான். கிளட்ச் வேலையில் பெரும்பாடு பாக்ஸை இறக்கி ஏற்றுவதில் இருக்கிறது. அந்தக் கூலி, நீங்கள் உள்ளே ஒரு சாமான் மாற்றினாலும் ஒன்றுதான், நாலு மாற்றினாலும் ஒன்றுதான். அதனால் பாக்ஸுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் எதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. ஃப்ளைவீல் நடுவில் சின்ன பேரிங் இருக்கிற வண்டியானால் அதுவும் புதிது. சிக்கனத்தையெல்லாம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக சீல்கள், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள். கிராங்க் பின்பக்கத்து ஆயில் சீல் ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கியர் பாக்ஸ் முன்பக்கத்து சீல் இன்னொன்று. இரண்டில் எது கசிந்தாலும் ஆயில் புது லைனிங்கில் ஏறும், ஏறிவிட்டால் அந்த பிளேட்டைத் துடைத்தெல்லாம் காப்பாற்ற முடியாது. பாக்ஸ் இறங்கியதும் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த கறுப்புத் தூளாக இருந்தால் நல்லது, பிசுபிசுவென்று இருந்தால் சீலை மாற்றாமல் மூடவே கூடாது. அந்தத் தூளை ஏர் அடித்து ஊதவும் விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே நல்லது. எங்கள் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். ஆனாலும் துணியை நனைத்தார்.

ஃப்ளைவீலைத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்கு வரிகள், நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகள் இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து பரப்பை லேசாகச் சீவிக்கொள்ளலாம், இதை ஃபேஸிங் என்பார்கள். புது ஃப்ளைவீல் விலையோடு பார்த்தால் இது சல்லிசு. வெடிப்பு இருந்தால் மட்டும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சில ஃப்ளைவீல்களில் பிளேட் உரசும் பரப்பும் பிரஷர் பிளேட் உட்காரும் பரப்பும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். அப்படிப்பட்டதில் ஒன்றை மட்டும் சீவினால் பிடிப்பு மாறிவிடும், இரண்டையும் ஒரே அளவு சீவச் சொல்லுங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் வருகிறது, அதை லேத்தில் ஏற்றக் கூடாது. பழைய பிக்கப்பில் பெரும்பாலும் ஒற்றைக் கட்டிதான், கவலை வேண்டாம்.

சாமான்களை நீங்களே வாங்குங்கள். செலவு குறைவது இங்கேதான். அண்ணா சாலையில் இருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு நாலாவதில் வாங்கலாம். ஆர்.சி. புத்தகத்தின் நகலை எடுத்துப் போங்கள். ஒரே மாடல் பெயரில் வருஷத்துக்கு வருஷம் கிளட்ச் அளவு மாறியிருக்கலாம், சேசிஸ் நம்பர் இருந்தால் கடைக்காரர் பார்த்துச் சொல்வார். முடிந்தால் கழற்றிய பழைய பிளேட்டையே கையில் கொண்டுபோய், நடுவில் உள்ள பற்களை எண்ணி ஒப்பிட்டு வாங்குங்கள். வண்டிக் கம்பெனி பெட்டியில் வருவதற்கும், கிளட்ச் தயாரிப்பவர்களே வாலியோ, லுக் என்று தங்கள் பெயரில் விற்பதற்கும் விலை வித்தியாசம் இருக்கும். நான் இரண்டாவது வகையைத்தான் போடுகிறேன், குறை ஒன்றும் இல்லை. பில் கிடையாது, பாதி விலை என்று நீட்டுவதை மட்டும் தொடாதீர்கள். டாடா வண்டியானால், பழையதை வாங்கிக்கொண்டு புதுப்பித்த பாகம் தரும் ப்ரோலைஃப் திட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.

இப்போது புதுப்பேட்டை. கழற்றிய கிளட்ச் செட் அங்கே கிடைக்கும், விலையும் கவர்ச்சியாக இருக்கும். வேண்டாம். அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. லைனிங் கனமாக இருந்தாலும் எந்த வண்டியில் கருகியதோ, விரல்கள் எவ்வளவு தளர்ந்ததோ யார் கண்டது? அதைப் போடவும் அதே கூலிதான் ஆகிறது. பழைய பிளேட்டில் புது லைனிங் ரிவிட் அடித்துத் தருபவர்களும் உண்டு. சுமை ஏற்றுகிற வண்டிக்கு அதையும் நான் சொல்ல மாட்டேன், நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் தளர்ந்தே இருக்கும், வண்டி கிளம்பும்போது உதறும். ஆனால் புதுப்பேட்டையை ஒதுக்கவும் வேண்டாம். ஃபோர்க், கியர் பாக்ஸ் மவுண்ட் பிராக்கெட், வெடித்துப்போன ஃப்ளைவீலுக்கு மாற்று, காணாமல் போன அடி மூடி, இதெல்லாம் அங்கே வாங்கலாம். கண்ணால் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று தெரிகிற சாமான்கள் இவை. சொன்ன விலையில் பாதியில் இருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.

2023 இல் மூன்றாவது தடவை எனக்கு ஆனதைச் சொல்கிறேன். மூன்றும் சேர்ந்த செட் 4,100, சீல்கள் 400, லேத் 400, புது கேபிள் 350, கியர் ஆயில் 500, கூலி 1,800. மொத்தம் 7,550. இப்போது கொஞ்சம் ஏறியிருக்கும். பொலேரோ மாதிரி பெரிய வண்டிக்கு செட் விலையே கூடும், பத்தாயிரத்தைத் தொட்டாலும் தொடும்.

நீங்களே செய்யலாமா? பாக்ஸ் கனமானது, இரண்டு ஆள் வேலை, வண்டியை உயரத்தில் உறுதியாக நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் கூலி கொடுக்கிற கட்சி. ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பேன். பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுதியிருக்கும், அது திரும்பிவிடக் கூடாது. புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பெட்ரோல் துணியால் துடைக்க வேண்டும். பற்களில் கிரீஸ் ஒரு பொட்டு போதும், அள்ளி அப்பினால் சுற்றும்போது லைனிங்கில் தெறிக்கும். பிளேட்டை நடுவில் நிறுத்த பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றை எல்லா மெக்கானிக்கும் வைத்திருப்பார், அதைச் செருகிய பிறகுதான் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பாக்ஸை ஏற்றும்போது அதன் கனம் பிளேட்டின் மேல் தொங்கக் கூடாது, பிளேட் வளைந்துவிடும்.

அந்த மூன்றாவது தடவை, கழற்றிய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரிவிட் தலைகள் வெளியே வந்து ஃப்ளைவீலைக் கீறியிருந்தன. மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாண்ணா, கால கிளட்ச் மேலயே வெச்சினு ஓட்டுவியா?" ஆமாம், அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது போதாதென்று சுமை வேறு. ஏஸ் தாங்குவது 750 கிலோ. இருபது லிட்டர் கேன் ஒன்று தண்ணீரோடு 21 கிலோ என்று வைத்தால் 35 கேன்தான் கணக்கு, நான் ஐம்பது ஏற்றினேன். இப்போது 36. ஒன்று கூட இருக்கிறது, மாம்பலத்தில் ஒரு பாட்டிக்கு, அவர் முதல் வாடிக்கையாளர் என்பதால்.

புது கிளட்ச் போட்டதும் முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி சுமையில் ஓட்டுங்கள், மேட்டில் நிற்க நேர்ந்தால் ஹாஃப் கிளட்சில் தாக்காட்டாமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். லைனிங் உட்கார்ந்ததும் ஃப்ரீ ப்ளே கொஞ்சம் குறைந்திருக்கும். கேபிள் வண்டியானால் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் மெக்கானிக்கிடம் போய் அந்த நட்டை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு அவர் காசு கேட்க மாட்டார்.