எனாக்சாபரின் ஊசி போடும் கர்ப்பிணிக்கு முதுகில் மயக்க ஊசி போடலாமா?

வணக்கம். காலில் ரத்தம் உறைந்ததால் உங்கள் மனைவி ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சாபரின் ஊசியைத் தினமும் போட்டுக்கொள்கிறார் என்றும், அடுத்த மாதம் நடக்கவிருக்கும் சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் போடலாம், ஆனால் இரண்டு ஊசிகளுக்கும் இடையிலான நேரம்தான் இங்கே உயிர்நாடி. மருந்தின் வீரியம் குறையுமுன் முதுகில் ஊசி குத்தினால், தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, நரம்புகளை அழுத்திக் கால்களைச் செயலிழக்கச் செய்யும் அபாயம், மிக அரிதானதே எனினும், உண்டு. ஆகவே தடுப்பு அளவில் (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் குறைந்த அளவு) போடுபவர்கள் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் (ஏற்கெனவே உறைந்ததற்குப் போடும் கூடிய அளவு) போடுபவர்கள் 24 மணி நேரமும் காத்திருப்பது வழக்கம். உங்கள் மனைவியின் அளவு எது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முழு மயக்கமே மேல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்குத் தொண்டைத் திசுக்கள் வீங்கியிருப்பதால் சுவாசக் குழாய் செருகுவது கடினமாகலாம். இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்தும் கூடுதல்.

அறுவை நாள்வரை காத்திராமல் இந்த வாரமே மயக்கவியல் மருத்துவரைச் சந்தியுங்கள். இடையில் பிரசவ வலியோ ரத்தக் கசிவோ தொடங்கினால், அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, கடைசி ஊசி போட்ட நேரத்தை முதலில் சொல்லுங்கள்.