ஓடினால் கசிகிறது, ஓட்டத்தையே விட்டுவிடவா?

பிரசவத்துக்குப் பிறகு வரும் முதுகுவலி பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது நிறையக் கடிதங்கள் வந்தன. அதில் பலர் கடைசி வரியில், திடீரென்று ஞாபகம் வந்து எழுதியது மாதிரி, ஒன்றைக் கேட்டிருந்தீர்கள்: நடந்தால், குதித்தால், தும்மினால் சிறுநீர் கசிகிறது, என்ன செய்வது? கடைசி வரியில் ஒளித்து வைக்க வேண்டிய கேள்வியே இல்லை இது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்குத்தான். ஒரு பிசியோதெரபிஸ்டாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யார் பெயரையும் வெளியிடவில்லை.

முதல் கடிதம்: எனக்கு 43 வயது. கோவை ரேஸ்கோர்ஸில் பல வருஷமாக நடக்கிறேன். நாலு மாதம் முன்பு தோழிகளோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தேன். ஓடினால் பத்தே நிமிஷத்தில் உள்ளாடை நனைந்துவிடுகிறது. இரண்டுமே சுகப்பிரசவம், முதல் குழந்தையை மட்டும் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். இப்போது ஓடுவதையும் விட்டுவிட்டேன், நடக்கப் போவதையும் விட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார். அப்படித்தானா, மேடம்?

இல்லைங்க. நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மை, அதற்காக இருந்துதான் ஆக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அம்மா காலத்தில் யாரும் இதைப் போய்க் கேட்கவில்லை, யாரும் வந்து சொல்லவும் இல்லை. அவர் அப்படிச் சொல்வதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் நடக்கப் போவதையே நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரைக்கும் ஒரு தூளி கட்டியது மாதிரி தசைகள் இருக்கின்றன. இடுப்புத் தளத் தசைகள் என்று சொல்வோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். நீங்கள் இருமும்போதோ, கால் தரையில் படும் ஒவ்வொரு முறையுமோ வயிற்றுக்குள் அழுத்தம் கூடி சிறுநீர்ப்பையின் மேல் இறங்குகிறது. அதே நொடியில் இந்தத் தசை இறுகி சிறுநீர்க் குழாயை மூட வேண்டும். பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், இந்தத் தசை அதிகமாக இழுபட்டிருக்கும். அது இறுகுவதற்கு ஒரு கணம் தாமதமானாலும் நாலு சொட்டு வெளியே வந்துவிடும். தசைதானே, பயிற்சி கொடுத்தால் பலப்படும்.

அந்தப் பயிற்சிக்குக் கெகல் என்று பெயர். ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் இதைப் பற்றி எழுதினார். யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு மூலபந்தம், அஸ்வினி முத்திரை தெரிந்திருக்கும், கிட்டத்தட்ட அந்த இடம்தான். செய்யும் விதம் இது: முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவீர்கள் இல்லையா, அப்படிப் பின்பக்கத்தை இறுக்கி, அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம் வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. தொடை இறுகக் கூடாது, புட்டம் இறுகக் கூடாது. ஆரம்பத்தில் மூன்று, நாலு வினாடி பிடித்தால் போதும், அப்புறம் அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். போகப்போக பத்து வினாடி வரைக்கும் கொண்டுபோகலாம். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளைக்கு 3 வேளை. கூடவே டக் டக்கென்று இறுக்கி உடனே விடும் வேகமான இறுக்கம் ஒரு பத்து. படுத்துச் செய்வது சுலபமானதும் உட்கார்ந்து, பிறகு நின்றபடி. ஓட்டமே நின்றபடிதானே நடக்கிறது!

இதை ஒரு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 3 மாதம் வேண்டும், பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. இன்னொரு விஷயம், சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். சரியான தசையா என்று ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டுமானால் சரி, தினமும் அப்படிச் செய்தால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

மூன்று மாதம் காத்திருக்காமல் இன்றைக்கே உதவும் ஒன்றும் இருக்கிறது. தும்மல் வரப்போகிறது என்று தெரியும் அந்த நொடியில், தும்முவதற்கு முன்பே தசையை இறுக்கிக்கொள்ளுங்கள். காய்கறிப் பையைத் தூக்குவதற்கு முன்பும் அப்படியே. 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயதான பெண்களுக்கு இதை ஒரே வாரம் பழக்கிய பிறகு இருமும்போது கசியும் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் ஓடும் நேரம் பூராவும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடாதீர்கள், தசை களைத்துப்போய் கசிவு கூடத்தான் செய்யும்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? நடக்கப் போங்கள். அதற்கு எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு வாரம் போனதும் இரண்டு நிமிஷ நடை, ஒரு நிமிஷ ஓட்டம் என்று மாற்றி மாற்றிப் போங்கள், காலை நீட்டி வைக்காமல் அடியைச் சின்னதாக வையுங்கள், தரையில் விழும் அதிர்ச்சி குறையும். கயிறு தாண்டுவதையும் ஜம்பிங் ஜாக்கையும் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, சைக்கிளும் நீச்சலும் எடுத்துக்கொள்ளலாம். எடை தூக்கினால், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். புறப்படும் முன் ஒரு தடவை சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள்.

மாதவிலக்கு நாப்கினை வைத்துக்கொண்டு ஓடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது ரத்தத்துக்கானது, வேகமாக வரும் சிறுநீரைச் சரியாக உறிஞ்சாது. ஈரம் தோலிலேயே நின்று தொடை இடுக்கில் புண்ணாகும். சிறுநீர்க் கசிவுக்கென்றே மெல்லிய பேட் மருந்துக்கடையில் கிடைக்கிறது, கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு ஓடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஓடி முடித்ததும் மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

எடை கூடியிருந்தால் அதையும் கவனியுங்கள். 2009-ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், உடல் பருமனான பெண்கள் சராசரியாக 8 சதவீத எடை குறைத்தபோது அவர்களுக்கு வாரத்தில் கசிவு ஏற்படும் தடவைகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. கசிகிறது என்று நடையை நிறுத்தினால் எடை கூடும், எடை கூடினால் கசிவு கூடும். அதனால்தான் நடையை விடாதீர்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன். மலச்சிக்கலையும் விட்டுவைக்காதீர்கள், தினமும் முக்குவது இந்தத் தசையைத்தான் கெடுக்கிறது.

மூன்று, நாலு மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லையென்றாலோ, கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருந்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். பிறப்புறுப்புக்குள் பொருத்தி உள்ளுறுப்புகளைத் தாங்கவைக்கும் பெஸரி என்ற வளையம் இருக்கிறது, ஓடும் நேரத்துக்கு மட்டும் வைத்து எடுப்பவர்களும் உண்டு. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

அடுத்த கடிதம்: வயது 58, மதுரை. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்குத் தும்மினால் ஒன்றும் ஆவதில்லை. வாக்கிங் முடித்து வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போது முட்டிக்கொண்டு வருகிறது, பாத்ரூம் போவதற்குள் போய்விடுகிறது. பயந்துகொண்டு காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

உங்களுடையது வேறு வகை அம்மா. இங்கே சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது. முதல் வேலையாகத் தண்ணீரைக் குடியுங்கள். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், அவசரம் கூடும், தொற்றும் வரும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளைக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வேண்டும். குறைக்க வேண்டியது காபியும் டீயும். விடியற்காலை டபரா காபியைக் குடித்த கையோடு வாக்கிங் போகிறீர்கள் என்றால், அதை நடந்து வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். மேலே சொன்ன வேகமான இறுக்கத்தை ஐந்தாறு தடவை செய்யுங்கள். அந்த அவசரம் அலை மாதிரி, ஏறி இறங்கிவிடும். இறங்கியதும் மெதுவாக நடந்து போங்கள். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதைப் பார்த்து, ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிஷமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஆறு வாரமாவது ஆகும். எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கு ஒரு தடவை போய் வரும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சிறுநீர்ப்பை கொஞ்சத்திலேயே அவசரப்படப் பழகிவிடும்.

அந்த நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை ஏறியிருந்தாலே சிறுநீர் அதிகம் போகும். டபாகிளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகளும், பிரஷருக்கான சில மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும். சாப்பிடும் நேரத்தை மாற்றினாலே வித்தியாசம் தெரியலாம், ஆனால் அவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது கடிதம்: நான் காலேஜ் வாலிபால் டீமில் ஆடுகிறேன், 19 வயது. ஸ்மாஷ் அடித்துக் கீழே இறங்கும்போது கசிகிறது. கல்யாணம்கூட ஆகவில்லை, எனக்கு எப்படி இது வரும் அக்கா? பயமாக இருக்கிறது.

பயப்படாதே தங்கச்சி. 2002-ல் ஸ்வீடனில் டிராம்போலின் என்ற துள்ளும் விரிப்பில் குதிக்கும் 35 பெண்களிடம் கேட்டார்கள், சராசரி வயது 15, யாருக்கும் குழந்தை இல்லை. 28 பேர் பயிற்சியில் கசிகிறது என்றார்கள். குதித்து இறங்கும் அதிர்ச்சி அவ்வளவு. உனக்கும் கெகல்தான், கூடவே முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கப் பழகு, இறங்குவதற்குச் சற்று முன் தசையை இறுக்கு. கறுப்பு ஷார்ட்ஸ், மெல்லிய பேட், தயங்காமல் ஆடு. கோச் ஆணாக இருந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் பிசியோவிடம் சொல், உன் டீமிலேயே இன்னும் ஒருத்தி இதை மறைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கலாம்.

கடைசிக் கடிதம்: புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம். வயது 66. எழுந்தாலே கசிகிறது, சாயங்காலத்தில் ரொம்ப மோசம். மறுபடி ஷட்டில் ஆட முடியுமா?

முடியும் ஐயா. இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் படிப்படியாகக் குறைகிறது, நீங்கள் இன்னும் பாதி வழிகூட வரவில்லை. சாயங்காலம் கூடுவது தசை களைப்பதால். ஆண்களுக்கும் அதே பயிற்சிதான், ஆணுறுப்பை உள்ளே இழுத்துக்கொள்வதாக நினைத்து இறுக்குங்கள், நாற்காலியிலிருந்து எழும் முன் ஒரு தடவை. ஷட்டில் ஆடலாமா என்று அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டு, முதலில் காலை நேரத்தில் அரை மணி ஆடிப் பாருங்கள். ஆண்களுக்கான பேட் தனியாக இருக்கிறது.

கடைசியாக, எல்லோருக்கும் ஒன்று. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல் இருந்தால் பயிற்சி செய்து பார்ப்போம் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். தொடை இடுக்கிலோ பின்பக்கத்திலோ மரத்துப்போய் திடீரென்று கசிய ஆரம்பித்தாலோ, சிறுநீரே வராமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.