ரோகிணி சிவப்பா?

அன்புள்ள ஐயா,

நேற்றிரவு மொட்டை மாடியில் மகளுக்கு ரோகிணியைக் காட்டி, “அது சிவப்பு ராட்சத நட்சத்திரம்” என்றேன். “சிவப்பாவே இல்லையேப்பா, குண்டு பல்பு மாதிரி இருக்கு” என்றாள். சூரியனைவிடச் சூடு குறைந்தது, ஆனால் வெளிச்சம் அதிகம் என்கிறார்களே, அது எப்படி?

ஒரு வாசகர், கம்பம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. ரோகிணியின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3900 கெல்வின். சூரியனுக்கு ஏறத்தாழ 5800. குண்டு பல்பின் இழையோ 2700 அளவில்தான் எரிகிறது. அதுவே நம் கண்ணுக்கு மஞ்சள். அதைவிடச் சூடான ரோகிணி குங்குமச் சிவப்பாகத் தெரிய வழியே இல்லை. ‘சிவப்பு ராட்சதன்’ என்பது நீல, வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வைத்த பெயர். ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களை, பளிச்சென்ற சிரியஸ் நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு போனால் ரோகிணி வரும். அதையும் ஓரியனின் காலில் இருக்கும் ரைகல் என்ற நீலவெள்ளை நட்சத்திரத்தையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். பைனாகுலர் இருந்தால் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி வட்டமாக விரியும், ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரியும்.

வெளிச்சத்துக்குக் காரணம் உருவம். ஒரே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால் ரோகிணி தருவது சூரியன் தருவதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அதன் குறுக்களவு சூரியனைப்போல் சுமார் 45 மடங்கு. பரப்போ 2000 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், 400 மடங்கு வெளிச்சம்.

இத்தனைக்கும் அதன் நிறை சூரியனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியம் தங்கிவிட்டது. அதைச் சுற்றிய அடுக்கில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கியதும் வெளிப்பகுதி ஊதிப் பெருத்துவிட்டது. சராசரியாகப் பார்த்தால் நாம் சுவாசிக்கும் காற்றைவிட அடர்த்தி குறைந்த பொருள் அது! நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இந்த நிலைக்கு வரும். (ரோகிணியைப் போலவே ஆரஞ்சாகத் தெரியும் திருவாதிரை வேறு கதை. அது மிகப் பெரிய நிறையோடு பிறந்தது, வெடித்தே முடியும்.)

மகளுக்கு இதை இப்படிக் காட்டலாம். பௌர்ணமியன்று கையை நீட்டிச் சுண்டுவிரலால் நிலவை மறைக்கச் சொல்லுங்கள், முழுதாக மறைந்துவிடும். சூரியனும் வானத்தில் அதே அளவுதான். பிறகு நீட்டிய கையை அப்படியே சாணாக விரிக்கச் சொல்லுங்கள். சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணி இருந்தால், அந்தச் சாணையும் சற்றுத் தாண்டி நிற்கும்.