தொங்குபடுக்கையில் வயிறு மடியாமல் உறங்க

கேள்வி: எனக்கு வயது 56. யீஷூனில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் தொல்லை. மேலுடம்பை உயர்த்திப் படுக்கும்படி மருத்துவர் சொன்னதால் வீட்டில் ஒரு சாய்வுத் தலையணையின் மேல் படுத்து நிம்மதியாக உறங்குகிறேன். என் மகன்கள் இருவரும் ஜோகூர் காட்டுப் பக்கம் முகாமிடப் போகும்போது என்னையும் அழைத்துப் போவார்கள். சென்ற முறை எனக்கென்று ஒரு ஹாமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்குபடுக்கை, வாங்கி வந்தார்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திக் கட்டி, இரண்டு தலையணைகளும் வைத்துக் கொடுத்தார்கள். நள்ளிரவுக்குள் காலடிப் பக்கம் சறுக்கிப்போய்க் குறுகிக் கிடந்தேன். மூன்று மணிக்குப் புளித்த நீர் தொண்டைவரை வந்து எழுப்பிவிட்டது. விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வரும் பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு மறுபடியும் கூப்பிடுகிறார்கள். போக ஆசைதான், இரவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரி,

போய் வாருங்கள். பிள்ளைகள் ஆளாகிக் குடும்பமான பிறகும் "அம்மா, நீங்களும் வாருங்கள்" என்று அழைக்கிறார்கள் என்றால், ஒரு நெஞ்செரிச்சலுக்காக அதை விட்டுவிடக் கூடாது. எனக்கும் இதே தொல்லை உண்டு. தொங்குபடுக்கையில் ஒழுங்காக உறங்கப் பழகுவதற்குள் நான்கைந்து பயணங்களின் இரவுகள் எனக்கு வீணாயின. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

உங்கள் மகன்கள் அன்பாகச் செய்த இரண்டு காரியங்கள்தான் அன்று உங்களைப் படுத்தியிருக்கின்றன: தலையணைகளை அடுக்கியதும், தலைப்பக்கத்தை உயர்த்திக் கட்டியதும்.

வயிறும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில், சுருக்குப்பையின் வாய்போல ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்துவிட்டால், படுத்தவுடன் அமிலம் மேலே ஏறும். மேலுடம்பு சரிவாக இருந்தால் அமிலம் தன் எடையாலேயே கீழே தங்கும். மருத்துவர் சொன்னதன் பொருள் இதுதான். ஆனால் உயர வேண்டியது தலை மட்டுமல்ல. இடுப்பிலிருந்து தலைவரை முதுகு முழுவதும் ஒரே சரிவாக உயர வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டும் வளைகிறது, நெஞ்சு பழைய இடத்திலேயே கிடக்கிறது. தொங்குபடுக்கையிலோ இன்னும் மோசம். அதற்கு ஏற்கெனவே நடுவில் ஒரு தொய்வு இருக்கிறது. அதில் நேராகப் படுத்துத் தலையையும் உயர்த்தினால் உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு அழுந்துகிறது. நிரம்பிய பையை மடக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது வாய்ப் பக்கம்தானே வரும்? மூன்று மணிக்கு உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆகவே சரிவு வேண்டும், மடிப்பு கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் கட்டும் முறை. நம் வீட்டுத் தூளியை நினைத்துப் பாருங்கள். சேலையில் கட்டிய தூளிக்குள் குழந்தை சுருண்டுகொண்டு சுகமாகக் கிடக்கும்; பெரியவர்கள் அப்படிச் சுருண்டால் முதுகு தாங்காது. அதற்காகச் சிலர் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். அது தவறு. விறைப்பாகக் கட்டினால் துணி தோள்களை இரு பக்கமும் நெருக்கும், புரண்டால் கவிழ்த்தும் விடும். மரத்தில் சுற்றிக் கட்டும் பட்டைகளுக்கும் மரத்துக்கும் சுமை ஏறும். பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சரிவில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய உங்கள் உடல் எடையளவு இழுவிசையைத் தாங்கும். அதையே 10 பாகையாக விறைத்துக் கட்டினால் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே 30 பாகையே வைத்துக்கொள்ளுங்கள். தொய்வு நன்றாகத் தெரியட்டும், அஞ்ச வேண்டாம்.

தொய்வாகக் கட்டிவிட்டு நடுக்கோட்டில் படுக்காமல் குறுக்காகப் படுக்க வேண்டும். தலை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம், கால்கள் மறு பக்கம். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் கட்டிலே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தொங்குபடுக்கையில் உறங்குகிறவர்கள் படுப்பது இப்படித்தான். குறுக்கே படுத்த மாத்திரத்தில் துணி விரிந்து உடம்பு கிட்டத்தட்டச் சமமாகிவிடும், இடுப்பு மடிப்பு போய்விடும். தலை இடப்பக்கமாக ஒரு முறை, வலப்பக்கமாக ஒரு முறை படுத்துப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு ஏதாவது ஒன்றுதான் இசையும். குட்டையான துணியில் குறுக்கே படுக்க முடியாது. பிள்ளைகள் வாங்கியது சுமார் 3 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், 3.3 மீட்டர் நீளமுள்ளதாக மாற்றிவிடுவது நல்லது. இரட்டைத் துணி வைத்துத் தைத்ததாக இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

இரண்டு முனைகளையும் ஒரே உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். அல்லது காலடி முனை ஒரு சாண் உயரமாக இருக்கட்டும். உங்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் உடம்பில் கனமான பகுதி இடுப்பும் முதுகும்தான். தலைப்பக்கத்தை உயர்த்திக் கட்டினால் அந்தக் கனம் மெல்ல மெல்லக் காலடிப் பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். நைலான் துணியில் கேட்கவே வேண்டாம். கயிற்றை ஏற்றி இறக்கி நமக்கு வேண்டிய சரிவை வரவழைக்க முடியாது. துணிக்குள் வைக்கும் பொருளால்தான் வரவழைக்க வேண்டும்.

அந்தப் பொருளைக் கடையில் தேட வேண்டியதில்லை. பத்து லிட்டர் கொள்ளும் நீர்புகாப் பை ஒன்று பிள்ளைகளிடம் நிச்சயம் இருக்கும். அதன் அடிப்பகுதியில் ஒரு கம்பளிச் சட்டையை இறுக்கமாகச் சுருட்டி வையுங்கள். அதற்கு மேல் மாற்றுத் துணிகளைத் தளர்வாக வைத்து, வாய்ப்பக்கம் வரவர மெலியும்படி அடுக்குங்கள். காற்றை முழுவதும் பிதுக்கிவிடாமல் கொஞ்சம் உள்ளே விட்டு வாயைச் சுருட்டி மூடுங்கள். கையால் அழுத்திப் பார்த்தால் புட்டு மாவு போல விட்டுக்கொடுக்க வேண்டும், கல்லாக இருக்கக் கூடாது. பருத்த அடிப்பகுதி தலைப்பக்கம், மெலிந்த வாய்ப்பகுதி இடுப்புப் பக்கம். இப்படி வைத்தால் கையிலேயே ஒரு சாய்வுத் தலையணை தயார். இரட்டைத் துணித் தொங்குபடுக்கையாக இருந்தால் இரண்டு துணிகளுக்கு நடுவே இதைச் செருகிவிடலாம், இரவு முழுவதும் நகராது. ஒற்றைத் துணியாக இருந்தால் ஒரு பழைய கைலியில் பையைச் சுற்றிவிடுங்கள். பருத்தித் துணி நைலானைப் போல வழுக்காது.

படுத்த பிறகு பை எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். மெலிந்த முனை விலா எலும்புகள் முடியும் இடத்துக்குக் கீழே தொடங்க வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே மட்டும் இருந்தால் அது வெறும் தலையணைதான், பழைய கதை திரும்பும். தலைக்குத் தனியாக மெல்லிய தலையணை ஒன்று போதும். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். குறுக்கே படுக்கும்போது முழங்கால் பின்பக்கமாக வளைந்து நள்ளிரவில் வலிக்கும். இந்தத் துண்டு அதைத் தடுக்கும், சறுக்கலையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பெரிதாக வேண்டாம். முழங்கால் மிகவும் உயர்ந்தால் வயிறு மறுபடியும் மடியும்.

சரிவு போதுமா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. சிறிய தண்ணீர்ப் போத்தலில் பாதியளவு நீர் விட்டு மூடி, நெஞ்செலும்பின் மேல் நீளவாக்கில் கிடத்துங்கள். நீர் வயிற்றுப் பக்கமாகத் திரண்டு, கழுத்துப் பக்கம் காற்று நிற்க வேண்டும். நீர் இரு பக்கமும் சமமாகப் பரவிக் கிடந்தால் பைக்குள் இன்னொரு சட்டையைச் சேருங்கள். பிறகு மகனைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்: இடுப்பு, தோள், காது மூன்றும் ஒரே கோட்டில் ஏறுகின்றனவா, வயிற்றில் மடிப்பு விழுகிறதா? பேரப்பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

முடிந்தவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். வயிற்றின் பெரும்பகுதி இடப்பக்கம் இருப்பதால், அந்தப் பக்கம் படுக்கும்போது அமிலம் கீழே தேங்கும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் நிலைமை எதிர்மாறு.

படுக்கையை எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினாலும் சாப்பாடு அதைக் கெடுத்துவிடும். முகாமில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருட்டிய பிறகு கரி மூட்டி, ஒன்பது மணிக்குக் கோழியும் சாத்தேயும் சுட்டு, பத்து மணிக்குத் தேநீர் போட்டு, பதினொரு மணிக்குப் படுப்பார்கள். உங்கள் தட்டை மட்டும் ஏழு மணிக்குள், பொழுது சாயும்போதே முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். மற்றவர்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். பேச்சால் அமிலம் சுரப்பதில்லை. சம்பாலையும் காப்பியையும் காலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

இடம் பற்றிச் சில வார்த்தைகள். ஜோகூரில் பழத்தோட்டம் ஒட்டிய முகாமிடங்கள் நிறைய. டுரியான் மரத்தடியிலும் தென்னை மரத்தடியிலும் ஒருபோதும் கட்ட வேண்டாம். பழுத்த டுரியான் இரவில் தானாக விழும், அதன் எடையும் முள்ளும் உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே அண்ணாந்து பார்த்துவிடுங்கள். மரத்தில் மெல்லிய கயிறு கட்டாமல் அகலமான பட்டை கட்டுங்கள், மரப்பட்டை அறுபடாது. உட்கார்ந்தால் நாற்காலி உயரம், அதாவது தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் இருந்தால் போதும். இரவில் கழிவறைக்குப் போக எழும்போது அந்த உயரம்தான் கைகொடுக்கும். முதலில் நடுவில் உட்கார்ந்து, பிறகு காலைத் தூக்கி வைத்து, கடைசியாக முதுகைச் சாய்க்க வேண்டும். எழும்போது இதையே தலைகீழ் வரிசையில் செய்யுங்கள். செருப்பும் தலைவிளக்கும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கொசு துணிக்கு அடியிலிருந்தும் கடிக்கும் என்பதால், சுற்றிலும் மூடும் வலையே நல்லது.

புறப்படுவதற்கு முன் இங்கேயே ஓர் இரவு பழகிப் பார்க்க நினைப்பீர்கள். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் குறிப்பிட்ட இடங்களில் அனுமதிச் சீட்டுடன் கூடாரம் போடலாம். ஆனால் கூடாரத்துக்குக் கிடைக்கும் அனுமதியை மரத்தில் படுக்கை கட்டுவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்காமல் அங்குள்ள மரங்களில் எதையும் கட்ட வேண்டாம். தானே நிற்கும் இரும்புச் சட்டம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் வரவேற்பறையிலேயே பழகலாம். ஒரு மதியத் தூக்கமே உங்களுக்குப் போதிய அளவு சொல்லிவிடும்.

இனி, இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பயணத்தைப் பற்றிச் சொல்லி, மாத்திரையை எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கும்போது உணவு அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், சமமாகப் படுத்தாலே மூச்சு முட்டினால், அது தலையணையால் தீரும் விஷயம் அன்று. பயணத்துக்கு முன்பே காட்டுங்கள். சமமாகப் படுக்கும்போது வரும் மூச்சுத்திணறல் இதயக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம். நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் நெஞ்செரிச்சல்தானே என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் மகனை எழுப்புங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று முகாமிட்ட உடனேயே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு இரவுகள் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால், முதுகுப்பக்கத்தை நிமிர்த்தி வைக்கக்கூடிய மடக்குக் கட்டில் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். காரில் ஏற்றிச் செல்லலாம். உங்கள் வீட்டுச் சாய்வுத் தலையணையையும் அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். தொங்குபடுக்கை அப்போதும் மரத்திலேயே இருக்கட்டும். பகலில் பேரப்பிள்ளைகளோடு ஆடுவதற்கு அதுதான் சரியான இடம்.