ஸ்பீச் தெரபி படிக்கும் மகளுக்கு ஆனர்ஸ் தேவையா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, மொழி, செவித்திறன் அறிவியல் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறாள். மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. நான்குக்கு 3.7. துறையின் ஆனர்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. பள்ளியில் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்க வேண்டும் என்பதே அவளுடைய விருப்பம். ஆய்வேடு எழுதுவது வீண் சுமை என்று தோழிகள் சொல்கிறார்கள். ஆனர்ஸ் பட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு, விட்டுவிடாதே என்று ஊரிலிருந்து என் அண்ணன் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– டெக்சஸிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் அண்ணன் மனத்தில் இருக்கும் ஆனர்ஸ் வேறு, உங்கள் மகளுக்கு வந்திருக்கும் ஆனர்ஸ் வேறு. இந்தியாவில் முந்தைய தலைமுறைக்கு ஆனர்ஸ் என்பது தனிப் படிப்பு. இன்றோ புதிய கல்விக் கொள்கையின்படி நான்காம் ஆண்டும் தொடர்ந்து படிப்பவருக்கு ஆனர்ஸ் பட்டம் தரும் முறை அங்கே வந்திருக்கிறது. அமெரிக்கத் துறை ஒன்றின் ஆனர்ஸ் திட்டத்தில் ஆண்டு கூடுவதில்லை, பட்டத்தின் பெயரும் பெரும்பாலும் மாறுவதில்லை. வழக்கமான நான்கு ஆண்டுக்குள்ளேயே, பொதுவாகக் கடைசி இரண்டு மூன்று செமஸ்டர்களில், ஒரு பேராசிரியரின் கீழ் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்து, ஆய்வேடு எழுதி, இரண்டு மூன்று ஆசிரியர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வையும் முடித்தால், மதிப்பெண் சான்றில் 'துறை ஆனர்ஸ்' என்று ஒரு வரி சேரும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னும் இரண்டு ஆனர்ஸ்கள் உண்டு. 'கும் லாடே' என்ற லத்தீன் பெயரோடு பட்டமளிப்பு விழாவில் அறிவிக்கப்படுவது ஜி.பி.ஏ.வை வைத்தோ வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை வைத்தோ தரப்படும் சிறப்பு. அதற்கு ஆய்வேடு எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. ஆனர்ஸ் கல்லூரி என்பது பெரும்பாலும் முதலாண்டிலேயே சேர்ந்து, எல்லாத் துறை மாணவர்களோடும் சிறு வகுப்புகளில் படிக்கும் ஏற்பாடு. கடிதம் துறையிலிருந்து வந்திருப்பதால் உங்கள் மகளுக்கு வந்திருப்பது இந்த இரண்டும் அல்ல.

அடுத்தது வேலை. இந்தியாவில் இத்துறையின் இளங்கலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவர் பதிவு செய்துகொண்டு பணியாற்றத் தொடங்கலாம். அமெரிக்காவில் இதே துறையின் இளங்கலை ஒரு வாசற்படிதான். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம், அதாவது ஆஷா, வழங்கும் சி.சி.சி. சான்றிதழைப் பேச்சு, மொழி சிகிச்சையில் பெற வேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும். அதோடு மேற்பார்வையுடன் 400 மணி நேரக் கிளினிக் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி நேரம் பார்வையாளராக உட்கார்ந்து கவனிப்பது, மீதி 375 மணி நேரம் நேரடியாகச் சிகிச்சை அளிப்பது. இத்துறைக்கான பிராக்சிஸ் என்ற பொதுத் தேர்வில் 162 மதிப்பெண் எடுக்க வேண்டும். அதன்பிறகு குறைந்தது 36 வாரங்களில் 1,260 மணி நேரம் பணிப்பயிற்சி. செவித்திறன் பக்கம் போனால் முதுகலையும் போதாது, ஏ.யு.டி. என்ற முனைவர் நிலைப் பட்டம் தேவை. அது வழக்கமாக நான்கு ஆண்டுகள். உங்கள் மாநிலத்தில் இளங்கலையோடு உதவியாளர் உரிமம் பெற்று வேலை செய்யலாம் என்றாலும், உங்கள் மகள் நினைக்கும் வேலைக்கு முதுகலை இல்லாமல் முடியாது.

ஆக, இந்தத் திட்டம் முதுகலை இடம் கிடைக்க உதவுமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி. உதவும், ஆனால் பலரும் நினைக்கும் வழியில் அல்ல. முதுகலை விண்ணப்பங்களில் பெரும்பாலானவை சி.எஸ்.டி.கேஸ் என்ற பொது இணையவழியாகப் போகின்றன. அவற்றின் கடைசித் தேதிகள் ஏறக்குறைய டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் வரும். ஆய்வேடோ நான்காம் ஆண்டின் ஏப்ரலில்தான் முடியும். எனவே தேர்வுக் குழுவினர் விண்ணப்பத்தைப் படிக்கும் நாளில் ஆய்வேடு அவர்கள் கண்ணிலேயே படாது. 'ஆனர்ஸ்' என்ற வரி மதிப்பெண் சான்றில் ஏறியிருக்கவும் செய்யாது. அவர்கள் கையில் இருப்பது ஜி.பி.ஏ., தன்னைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவையே. முதுகலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.ஈ.யின் மதிப்பெண்ணைக் கேட்பதைப் பல துறைகள் நிறுத்திவிட்டதால் கடிதங்களின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

நான் பல ஆண்டுகளாக இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துவருகிறேன். "என் வகுப்பில் ஏ வாங்கினார், நேரத்துக்கு வருவார்" என்று தொடங்கும் கடிதத்தை இரண்டாம் வரியிலேயே மூடிவிடலாம். நூறு பேர் உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்கு அதற்குமேல் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால், "இவருடைய முதல் கட்ட அளவீடுகள் தவறாக வந்தன; யாரும் சொல்லாமலே அதைத் தானே கண்டுபிடித்து, மூன்று வார வேலையை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்" என்று ஒரு நெறியாளர் எழுதினால் அந்த விண்ணப்பம் தனியே எடுத்து வைக்கப்படும். ஆனர்ஸ் திட்டத்தின் பலன், ஒரு பேராசிரியர் உங்கள் மகளை அருகில் இருந்து ஓராண்டு பார்ப்பதுதான். ஆகவே மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்திலேயே ஆய்வகத்துக்குள் நுழைந்தவருக்குத்தான் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்கும். நான்காம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியவரைப் பற்றி நவம்பரில் கடிதம் எழுத உட்காரும் நெறியாளருக்கு எழுத எதுவும் இருக்காது.

தோழிகள் சொல்லும் சுமையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுமை உண்டு. ஆய்வேடு என்றால் நூலகத்தில் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதுவது என்று எண்ணுபவர்கள் நேரம் எங்கே போகும் என்பதை அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்கள், சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தை இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கிறார்களா என்பது கேள்வி. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, 'முன், பின்' என்பதிலுள்ள தமிழ்ப் 'பின்'னைச் சொல்லிப் பாருங்கள். பிறகு குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலப் 'பின்'னை உங்கள் மகள் சொல்வது போலச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் கையில் காற்று மோதும். உதடு திறக்கும் கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை இத்துறையில் வி.ஓ.டி. என்பார்கள். லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் என்ற ஒலியியல் ஆய்வாளர்கள் இருவரும் 1964-இல் 11 மொழிகளில் இதை அளந்து வெளியிட்டபோது அவற்றுள் தமிழும் ஒன்றாக இருந்தது. ஆங்கிலப் பகரத்துக்கு அவர்கள் கண்டது ஏறத்தாழ 58 மில்லி வினாடி, தமிழுக்கு 12 அளவில்.

இருமொழியாளர் பத்துப் பேர், இரண்டு மொழி, மொழிக்கு ஆறு சொற்கள், ஒவ்வொன்றையும் ஐந்து முறை சொல்ல வைத்தால் 600 பதிவுகள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றையும் திறந்து, உதடு பிரிந்த இடத்தில் குத்துக்கோடாக எழும் வெடிப்பையும், அலைகள் ஒரே சீராக வரத் தொடங்கும் இடத்தையும் கண்ணால் தேடிக் குறிக்க வேண்டும். எங்கோ ஒருவர் நாற்காலியை இழுத்த சத்தம் வெடிப்பின்மேல் விழுந்திருக்கும். அந்தப் பதிவை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா என்று ஒரு விதி எழுதி, அந்த விதியையே எல்லாப் பதிவுக்கும் பின்பற்ற வேண்டும். பிறகு பத்தில் ஒரு பங்கை, அதாவது 60 பதிவுகளை, வேறொருவர் தனியாக அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் வரைபடம் வரும். வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஒதுக்க முடியாதவருக்கு இது நடக்காது.

இதற்கும் பள்ளியில் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி தருவதற்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்கலாம். தமிழ் வீட்டிலிருந்து வரும் நான்கு வயதுக் குழந்தை ஆங்கிலப் பகரத்தைக் காற்றில்லாமல் சொல்லும்போது, கேட்கும் ஆசிரியைக்கு அது வேறு எழுத்தாக ஒலிக்கலாம். அது குறைபாடா, இன்னொரு மொழியின் பழக்கமா என்று பிரித்தறிவதுதான் பள்ளி தெரபிஸ்டின் அன்றாட வேலை. ஒரு குழந்தையைத் தேவையில்லாமல் சிகிச்சைப் பட்டியலில் சேர்ப்பதும் தவறு, தேவைப்படும் குழந்தையை 'இருமொழி வீடு, சரியாகிவிடும்' என்று அனுப்பிவிடுவதும் தவறு. அளவீட்டை ஒரு முறையாவது தன் கையால் செய்தவருக்கு இந்த இரண்டு பிழையும் எங்கே நுழைகின்றன என்பது தெரியும்.

நேரத்தை விழுங்கும் இன்னொன்று ஐ.ஆர்.பி. எனப்படும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். மனிதர்களிடம் தரவு திரட்டும் ஆய்வு, மாணவருடையதாக இருந்தாலும், இக்குழுவைக் கடக்காமல் தொடங்கக் கூடாது. குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதமும், விவரம் தெரிந்த வயதானால் குழந்தையின் இசைவும் வேண்டும். இந்தக் கெடுபிடியைக் கண்டு சலித்துக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் அயோவா கதையைச் சொல்வது வழக்கம். 1939-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் கீழ் மேரி டியூடர் என்ற மாணவி, டேவன்போர்ட் நகரிலிருந்த அநாதை இல்லத்தின் 22 குழந்தைகளிடம் தன் முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு சோதனை நடத்தினார். சரளமாகப் பேசிய குழந்தைகள் சிலரிடம், உனக்குத் திக்குகிறது, கவனித்துப் பேசு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதும் அதன் ஒரு பகுதி. அந்தக் குழந்தைகளில் பலர் பேசவே தயங்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் 2001-இல்தான் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநிலம் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. எல்லாம் ஒரு மாணவியின் ஆய்வேட்டில் தொடங்கியது. ஒப்புதலுக்கு இரண்டு மாதம் காத்திருப்பது பெரிய விலை அல்ல.

ஆனால் காத்திருப்பைக் குறைக்க வழி உண்டு. நெறியாளரிடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வு இருந்தால் அதில் உங்கள் மகளின் பெயரைச் சேர்த்துக்கொள்வது புதிதாக விண்ணப்பிப்பதைவிட எளிது. அல்லது பிறர் பதிவு செய்து வைத்த தரவைப் பயன்படுத்தலாம். 1984-இல் பிரையன் மக்வினி, கேத்தரின் ஸ்னோ இருவரும் தொடங்கிய 'சைல்டெஸ்' தொகுப்பில் பல மொழிக் குழந்தைகளின் பேச்சு எழுத்துப்படிகளாகக் கிடைக்கிறது. தமிழும் அதில் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த மாணவிக்கு அங்கே செய்வதற்கு நிறைய உண்டு. வேற்றுமை உருபுகளைக் குழந்தை எந்த வரிசையில் பிடிக்கிறது என்பது ஒன்றே ஓர் இளங்கலை ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜி.பி.ஏ. 3.4-ஐ ஒட்டித் தடுமாறிக்கொண்டிருப்பவர், படிப்புச் செலவுக்காக வாரம் 20 மணி நேரம் வேலை பார்ப்பவர், ஆஷா கேட்கும் உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல் பாடங்களை இன்னும் எடுத்து முடிக்காதவர் ஆகியோர் ஆய்வேட்டை விட்டுவிட்டு அவற்றைக் கவனிப்பதே நல்லது. ஆய்வேட்டுக்காக உடற்கூறியலில் பி வாங்கியவருக்கு அந்தப் பி-யைத் தேர்வுக் குழுவிடம் விளக்க இடமிருக்காது. உங்கள் மகளின் 3.7 இந்த வரம்புக்கு மேலே வசதியாக இருக்கிறது; புள்ளியியல் முடித்துவிட்டாளா என்பதை மட்டும் பாருங்கள். முடிக்கவில்லையென்றால் ஆய்வேட்டுக்கு முந்தைய பருவத்தில் முடிக்கட்டும். பின்னாளில் பி.எச்டி. செய்து பேராசிரியராகும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் என் தயக்கம் எதுவும் பொருந்தாது, கட்டாயம் சேர வேண்டும். ஆய்வுத் தொழிலை நோக்கி வரும் மாணவர்களுக்கென்றே ஆஷா 'ஸ்பார்க்' என்ற விருதும் வைத்திருக்கிறது, இளங்கலை மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

சேர்வதென்று முடிவானால், தலைப்பைத் தேடும் முன் நெறியாளரைத் தேட வேண்டும். பெயர் பெற்றவர் என்பதற்காகப் போக வேண்டாம். பெரிய ஆய்வகங்களில் இளங்கலை மாணவர் பேராசிரியரை மாதம் ஒரு முறை தாழ்வாரத்தில் பார்த்தால் அதிகம். வேலை வாங்குவதெல்லாம் முனைவர் பட்ட மாணவர்கள். அவர்கள் நன்றாகவே கற்றுத் தருவார்கள், ஆனால் கடிதத்தில் கையெழுத்திடுபவர் அவர்கள் அல்லர். என்னிடமே ஒரு பருவத்தில் ஐந்து ஆனர்ஸ் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் ஒருவருடைய வரைவை ஆறு வாரம் படிக்காமல் வைத்திருந்த குற்றம் உண்டு. அவர் வாய்மொழித் தேர்வை அவசர அவசரமாக முடிக்க நேர்ந்தது. அதன்பிறகு இரண்டு பேருக்கு மேல் நான் எடுப்பதில்லை. ஆகவே உங்கள் மகள் நெறியாளரைச் சந்திக்கும்போது, இந்த ஆண்டு எத்தனை ஆனர்ஸ் மாணவர்கள், வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது நேரில் பேச முடியுமா, வரைவை யார் படிப்பார்கள், முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் இன்னும் தெளிவாகும்.

ஆய்வேட்டுக்கான கிரெடிட்கள் முழுநேரக் கட்டணத்துக்குள் அடங்குமா, பாதியில் விலகினால் அதுவரை செய்தது தனி ஆய்வுப் பாடமாகக் கணக்கில் வருமா என்ற இரண்டையும் துறையின் ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு 'வரும்' என்று பதில் கிடைத்தால், மூன்றாம் ஆண்டில் சேர்ந்து ஒரு பருவம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அவளுக்கு இழப்பு எதுவும் இல்லை.